பணச் சுழற்சி நாட்கள் குறைகின்றன, நிதிச் செலவு ஏறுகிறது: ஓர் உற்பத்தி நிறுவனத்தின் ஐந்தாண்டுக் கணக்கு

#1 துலாக்கோல்

பம்பும் வால்வும் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்கைக் கடன் மறுஆய்வுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வேண்டாம். எண்களை முழுதாக்கியிருக்கிறேன், எல்லாம் கோடியில். ஆண்டு 1 முதல் 5 வரை:

விற்பனை: 400, 440, 500, 560, 580
விற்பனை அடக்கம்: 280, 312, 360, 414, 435
ஆண்டு முடிவில் சரக்கிருப்பு: 60, 70, 88, 112, 126
வரவேண்டிய பாக்கி: 66, 74, 86, 84, 80
தரவேண்டிய பாக்கி: 42, 48, 58, 80, 98

ஆண்டுத் தொடக்கம், முடிவு இரண்டின் சராசரியை எடுத்தேன். சரக்குக்கும் தரவேண்டிய பாக்கிக்கும் விற்பனை அடக்கத்தால் (விற்ற பொருளுக்கு ஆன செலவு) வகுத்தேன், வரவேண்டிய பாக்கிக்கு விற்பனையால். 365 நாள். சரக்கு தேங்கும் நாட்களோடு வாடிக்கையாளரிடம் வசூலாகும் நாட்களைக் கூட்டி, சப்ளையருக்குக் கொடுக்க எடுக்கும் நாட்களைக் கழித்தால் பணச் சுழற்சி நாட்கள்.

ஆண்டு 2: சரக்கு 76.0 + வசூல் 58.1 − கொடுப்பு 52.6 = 81.5
ஆண்டு 3: 80.1 + 58.4 − 53.7 = 84.8
ஆண்டு 4: 88.2 + 55.4 − 60.8 = 82.8
ஆண்டு 5: 99.9 + 51.6 − 74.7 = 76.8

பணம் முடங்கிக் கிடக்கும் காலம் இரண்டே ஆண்டில் 8 நாள் குறைந்திருக்கிறது. நிர்வாக அறிக்கையும் இதையே பெருமையாகச் சொல்கிறது. ஆனால் வங்கிக் கடன் 50 அளவிலேயே நிற்க, நிதிச் செலவு மட்டும் ஆண்டு 3இல் 4.0 ஆக இருந்தது ஆண்டு 5இல் 7.4 ஆகிவிட்டது. வட்டி விகிதம் 8இலிருந்து 8.5 சதவீதத்துக்குத்தான் போயிருக்கிறது. எங்கே இடிக்கிறது?

#2 பேரேடு

76.8 என்ற நிகர எண்ணைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு மூன்று பாகங்களையும் தனித்தனியே பாருங்கள். ஆண்டு 3க்கும் 5க்கும் நடுவில் சரக்கு நாட்கள் 19.8 ஏறியிருக்கின்றன. வசூல் நாட்கள் 6.8 இறங்கியிருக்கின்றன. கொடுப்பு நாட்கள் 21.0 ஏறியிருக்கின்றன. உற்பத்தி, கிடங்கு பக்கம் நிலைமை மோசமாகி, அதைக் கடன் பக்கத்தால் மூடியிருக்கிறார்கள். நல்ல நிர்வாகத்தால் சுழற்சி குறையும்போது பெரும்பாலும் சரக்கு நாட்களும் சேர்ந்தே குறையும். இங்கே அது எதிர்த்திசையில் ஓடுகிறது.

இரண்டாவது அடையாளம்: விற்பனை 500இலிருந்து 580 ஆகும்போது வரவேண்டிய பாக்கி 86இலிருந்து 80 ஆகக் குறைந்திருக்கிறது. தொழிற்சாலைகளுக்குக் கடனில் விற்கும் நிறுவனத்தில், வாடிக்கையாளர் கலவை மாறாமல் இது தானாக நடக்காது. ஒன்று, கடன் தவணையைக் குறைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பில்களை ஃபேக்டரிங்குக்கு, அதாவது வசூலாகும் முன்பே ஒரு நிதி நிறுவனத்துக்கு, விற்றிருக்க வேண்டும்.

நிதிச் செலவை வைத்து ஒரு குத்துமதிப்புக் கணக்கு போடலாம். 8.5 சதவீதத்தில் 50 கோடிக்கு வட்டி 4.25. மீதி 3.15ஐ அதே விகிதத்தால் வகுத்தால் 37 கோடி. விகிதம் 8ஆகவே இருந்திருந்தால் 3.4ஐ 0.08ஆல் வகுக்க 42.5. அதாவது பேலன்ஸ் ஷீட்டில் கடன் என்ற தலைப்பில் இல்லாத ஏதோ ஒன்று, ஆண்டுச் சராசரியாக 37 முதல் 43 கோடிவரை, வட்டி தின்றுகொண்டிருக்கிறது.

தேட வேண்டிய இடங்கள்: நிதிச் செலவுக் குறிப்பில் ‘பில் தள்ளுபடிக் கட்டணம்’ போன்ற வரி, நிதிச் சொத்து மாற்றம் பற்றிய குறிப்பு, தரவேண்டிய பாக்கிக் குறிப்பில் ‘சப்ளையர் ஃபைனான்ஸ்’, ‘வங்கி ஏற்பு’ போன்ற சொற்கள், ஏதாவது நிகழ்ந்தால் மட்டும் தலையில் விழும் பொறுப்புகள் பற்றிய குறிப்பு. வாடிக்கையாளர் கட்டாவிட்டால் நிறுவனத்திடம் திரும்பிவரும் பொறுப்பு இல்லாமல் முழுதாகக் கைமாறிய பில்களைப் பற்றி அறிக்கையில் அதிகம் இருக்காது. அப்போது மாத முடிவில் விற்ற பில்களின் நிலுவை எவ்வளவு என்று நேரடியாகவே கேட்டுவிட வேண்டியதுதான்.

#3 துலாக்கோல்

கேட்டு வாங்கிவிட்டேன். இரண்டும் இருக்கின்றன, இரண்டுமே ஆண்டு 4இல் தொடங்கியவை.

ஃபேக்டரிங்குக்கு விற்று, நிறுவனத்தின் புத்தகத்தை விட்டுப் போன, வாடிக்கையாளர் இன்னும் கட்டாத பில்கள்: ஆண்டு 4 முடிவில் 12, ஆண்டு 5 முடிவில் 24.
தரவேண்டிய பாக்கிக்குள் சப்ளையர் ஃபைனான்ஸ் பகுதி: 14, 30. வங்கி சப்ளையர்களுக்கு முன்பே கொடுத்துவிட்டது. நிறுவனம் வங்கிக்குப் பின்னால் கட்டும். கட்டணத்தையும் நிறுவனமே ஏற்கிறது.

#4 நடப்புமூலதனம்

அப்படியானால் கணக்கைத் திருப்பிப் போடுவோம். விற்ற பில்களை வரவேண்டிய பாக்கியில் கூட்ட வேண்டும், சப்ளையர் ஃபைனான்ஸைத் தரவேண்டிய பாக்கியிலிருந்து கழிக்க வேண்டும்.

வரவேண்டிய பாக்கி, ஆண்டு 3 முதல்: 86, 96, 104
தரவேண்டிய பாக்கி: 58, 66, 68

ஆண்டு 4: 88.2 + 59.3 − 54.7 = 92.8
ஆண்டு 5: 99.9 + 62.9 − 56.2 = 106.6

அறிக்கையின்படி 84.8, 82.8, 76.8. திருத்தியபின் 84.8, 92.8, 106.6. எட்டு நாள் குறைந்ததாகத் தெரிந்த இடத்தில் உண்மையில் 22 நாள் கூடியிருக்கிறது.

நாட்களோடு நின்றுவிடாமல் இதைப் பணமாகவும் பாருங்கள். மூன்று பாகங்களுக்கும் வகுக்கும் எண் வெவ்வேறு. ஆண்டு 5இல் ஒரு வசூல் நாள் என்பது 580/365, அதாவது 1.59 கோடி. ஒரு சரக்கு நாள் 435/365, 1.19 கோடி. ஒன்றை ஒன்றோடு கூட்டிக் கழிப்பது தோராயம்தான். லாப விகிதம் சரியும் நிறுவனத்தில் (இங்கே அடக்கம் விற்பனையில் 72இலிருந்து 75 சதவீதமாகிவிட்டது) இந்தத் தோராயம் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் எல்லாவற்றையும் விற்பனையாலேயே வகுத்த இன்னொரு வரிசையையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

திருத்திய சராசரி நடப்பு மூலதனம்: ஆண்டு 3இல் 79 + 80 − 53 = 106; ஆண்டு 4இல் 100 + 91 − 62 = 129; ஆண்டு 5இல் 119 + 100 − 67 = 152.
விற்பனை நாட்களில்: 77.4, 84.1, 95.7.

106இலிருந்து 152க்கு 46 கோடி ஏற்றம். விற்பனை 16 சதவீதம் வளர்ந்ததால் நியாயமாகத் தேவைப்பட்டது 17. மீதி 29 கோடி சுழற்சி மந்தமானதால் சிக்கியது. இந்த 46இல் 40ஐ ஃபேக்டரிங்கும் (சராசரி 18) சப்ளையர் ஃபைனான்ஸும் (சராசரி 22) தாங்கியிருக்கின்றன. பேரேடு நிதிச் செலவிலிருந்து பிடித்த எண்ணும் ஏறக்குறைய இதேதான்.

#5 அடக்கவிலை

முழு 30ஐயும் கடன் என்று தூக்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சப்ளையர் ஃபைனான்ஸ் எல்லாமே ஒளித்த கடன் அல்ல. வழக்கமான தவணை 60 நாள், திட்டத்திலும் 60 நாள், சப்ளையர் மட்டும் வங்கியிடம் முன்கூட்டி வாங்கிக்கொள்கிறார் என்றால் அது வணிகப் பாக்கிதான். வாங்குபவரின் பணம் வெளியேறும் நாள் அங்கே மாறவே இல்லை. தவணை நீண்டால்தான், நீண்ட அந்தப் பகுதி கடனின் குணத்தைப் பெறுகிறது.

துலாக்கோல், இந்தத் திட்டத்தில் தவணை எத்தனை நாள்? திட்டத்துக்கு வெளியே இருக்கும் அதே வகை சப்ளையர்களுக்கு எத்தனை? பணப்பாய்வு அறிக்கைக்கான சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 7இல் வந்த திருத்தத்தின்படி, 2024 ஜனவரி 1 அல்லது அதற்குப்பின் தொடங்கும் ஆண்டுகளுக்கு நிறுவனங்கள் இதை வெளியிட்டாக வேண்டும்: திட்டத்துக்கு உட்பட்ட பாக்கி எவ்வளவு, அதில் வங்கி ஏற்கெனவே கொடுத்தது எவ்வளவு, திட்டத்தில் உள்ளவற்றின் தவணை வரம்பு, வெளியே உள்ளவற்றின் தவணை வரம்பு. அமெரிக்கக் கணக்கு முறையிலும் 2022 டிசம்பர் 15க்குப் பின் தொடங்கும் ஆண்டுகளிலிருந்து இதுபோன்ற வெளியீடு கட்டாயம்.

#6 துலாக்கோல்

திட்டத்தில் 120 நாள். வெளியே 60.

#7 அடக்கவிலை

அப்படியென்றால் பாதி. 14இல் 7ஐயும் 30இல் 15ஐயும் மட்டும் கழியுங்கள். தரவேண்டிய பாக்கி 58, 73, 83 ஆகும். கொடுப்பு நாட்கள் 57.7, 65.4.

ஆண்டு 4: 88.2 + 59.3 − 57.7 = 89.8
ஆண்டு 5: 99.9 + 62.9 − 65.4 = 97.4

திசை மாறவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 106.6க்கும் 97.4க்கும் ஒன்பது நாள் வித்தியாசம். வேறொரு நிறுவனத்தோடு ஒப்பிடும்போது அது முடிவையே மாற்றிவிடும்.

#8 பேரேடு

இரண்டு கணக்கும் வேண்டும், வேறு வேறு கேள்விகளுக்கு. போக்கைப் பார்க்க அடக்கவிலை சொல்லும் பாதிக் கணக்கு பொருத்தமானது. பணநெருக்கடிச் சோதனைக்கு முழு 30ஐயும் எடுத்தாக வேண்டும். காரணம், வங்கி இந்த வரம்பைப் பெரும்பாலும் எந்த முன் உறுதியும் தராமல்தான் வைத்திருக்கும். நிறுவனத்தின் மீது சந்தேகம் வந்த அன்றே அதை நிறுத்தலாம். நிறுத்தினால் பழைய 30ஐத் தவணைப்படி கட்டிக்கொண்டே, புதுச் சரக்குக்கு சப்ளையர்கள் கேட்கும் 60 நாளிலோ கைமேல் காசாகவோ கொடுக்க வேண்டிவரும். இரண்டு அடியும் ஒரே நேரத்தில் விழும். 2015இல் நொடித்த ஸ்பெயின் பொறியியல் நிறுவனமான அபெங்கோவாவிலும் 2018 ஜனவரியில் மூடப்பட்ட பிரிட்டன் கட்டுமான நிறுவனமான கரிலியனிலும் இந்த வகைப் பாக்கி கடனாகக் காட்டப்படாமல் பெருத்திருந்தது பிறகுதான் பெரிதாகப் பேசப்பட்டது. இரண்டுமே உற்பத்தி நிறுவனங்கள் அல்ல, ஆனாலும் பணம் சுருங்கும் விதம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

ஃபேக்டரிங்கில் இந்தப் ‘பாதி’ வாதம் கிடையாது. வாடிக்கையாளர் கட்டும் நாள் மாறவில்லை. நிறுவனம் முன்பே வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். வசூல் துறையின் திறமையை அளக்க வேண்டுமென்றால் விற்ற பில்களை முழுதாகக் கூட்டியே ஆக வேண்டும்.

#9 கிடங்குக்கணக்கு

எல்லோரும் கடன் பக்கத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நோய் இருப்பது சரக்கில். 80இலிருந்து 100 நாளுக்குப் போனதற்குக் காரணம் தெரியாமல் இந்த ஆய்வு பாதியில்தான் நிற்கிறது. கடன் ஆய்வு என்கிறீர்கள், மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் வந்திருக்குமே. மூலப்பொருள், உற்பத்தியில் உள்ளது, தயார் சரக்கு என்று பிரித்துப் போடுங்கள். முக்கிய மூலப்பொருளின் டன் அளவும் வேண்டும்.

#10 துலாக்கோல்

ஆண்டு 2 முதல் 5 வரை, ஆண்டு முடிவில்:

மூலப்பொருள்: 25, 30, 44, 46
உற்பத்தியில் உள்ளது: 17, 22, 27, 30
தயார் சரக்கு: 28, 36, 41, 50

மூலப்பொருள் நுகர்வு, ஆண்டு 3 முதல்: 230, 262, 268
மூலப்பொருள் இருப்பு டன்னில், ஆண்டு 3 முதல்: 5,000, 6,400, 6,900

#11 கிடங்குக்கணக்கு

மூன்றையும் விற்பனை அடக்கத்தாலேயே வகுத்தால் மூலப்பொருள் நாட்கள் குறைவாகத் தெரியும், ஏனென்றால் அடக்கத்தில் கூலி, மின்சாரம், தேய்மானம் எல்லாம் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய ஓட்டத்தால் வகுக்க வேண்டும். மூலப்பொருளுக்கு நுகர்வு. உற்பத்தியில் உள்ளதற்கு உற்பத்தி அடக்கம், அதாவது விற்பனை அடக்கத்தோடு தயார் சரக்கின் ஏற்றத்தைக் கூட்டியது: 368, 419, 444. தயார் சரக்குக்கு விற்பனை அடக்கம்.

மூலப்பொருள்: 43.6, 51.5, 61.3 நாள்
உற்பத்தியில் உள்ளது: 19.3, 21.3, 23.4
தயார் சரக்கு: 32.4, 33.9, 38.2

இப்படிப் பிரித்த மூன்றையும் கூட்டினால் மேலே உள்ள 99.9 வராது, வரவும் கூடாது. வகுக்கும் எண்கள் வேறு. யாராவது எக்செல்லில் இதைக் கூட்டி ‘பொருந்தவில்லை’ என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏற்றத்தின் பெரும்பங்கு மூலப்பொருளில். விலையா, அளவா? ஆண்டு 3இல் டன்னுக்கு 60,000 (30 கோடி / 5,000). ஆண்டு 4இல் 68,750. 14 கோடி ஏற்றத்தைப் பிரித்தால்:

அளவால்: 1,400 டன் × 60,000 = 8.4 கோடி
விலையால்: 8,750 × 6,400 டன் = 5.6 கோடி

ஆண்டு 5இல் தொகை 2 கோடிதான் ஏறியிருக்கிறது, பார்க்க அடங்கிவிட்டதுபோல் இருக்கும். ஆனால் டன் 500 கூடியிருக்கிறது. விலை 66,667க்கு இறங்கியதால் அது மறைந்துவிட்டது. அளவு +3.4, விலை −1.4. விலை இறங்கும்போதும் வாங்கிக் குவித்திருக்கிறார்கள் என்றால் வாங்கும் துறையிடம் கேள்வி இருக்கிறது. விலை ஏறும் என்று முன்பே போட்ட ஒப்பந்தமா? சப்ளையரின் குறைந்தபட்ச ஆர்டர் அளவு கூடிவிட்டதா? சரக்கு வந்துசேரும் காலம் நீண்டபோது பாதுகாப்பு இருப்பை உயர்த்தி, பிறகு காலம் சுருங்கியும் மென்பொருளில் அந்த எண்ணை மாற்றாமல் விட்டுவிட்டார்களா? கடைசிக் காரணம் ஆச்சரியப்படும் அளவுக்கு அடிக்கடி நடப்பது. ஒவ்வொரு பொருளுக்கும் பதிந்திருக்கும் மறுஆர்டர் அளவு கடைசியாக எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்று ஒரு பட்டியல் கேட்டாலே தெரிந்துவிடும்.

இன்னொன்று: முதலில் வந்தது முதலில் செல்லும் முறையில், விலை ஏறும் காலத்தில் இருப்பு புது விலையிலும் அடக்கம் பழைய விலையிலும் நிற்கும். ஒரு டன்கூடக் கூடாமல் சரக்கு நாட்கள் ஏறும். விலை இறங்கும்போது நேர்மாறு. விலை வேகமாக ஆடிய ஆண்டில் டன் கணக்கு இல்லாமல் சரக்கு நாட்களைப் பற்றித் தீர்ப்பு சொல்லக் கூடாது.

தயார் சரக்கு 34இலிருந்து 38க்குப் போனதையும் விடாதீர்கள். விற்பனை வளர்ச்சி 3.6 சதவீதமாகச் சுருங்கிய ஆண்டில் தயார் சரக்கு 22 சதவீதம் ஏறியிருக்கிறது. விற்காததைச் செய்து அடுக்கியிருக்கிறார்கள். அதிகமாகச் செய்தால், உற்பத்தி அளவோடு மாறாத நிலைச் செலவு அதிகப் பொருட்கள்மீது பரவி ஒவ்வொன்றின் அடக்கமும் குறைந்து தெரியும். லாபம் சற்று அழகாகத் தெரியும். செலவு கிடங்கில் உட்கார்ந்துகொள்ளும். சரக்கு மதிப்பீட்டுக்கான தரநிலையான ஐஏஎஸ் 2 நிலைச் செலவை வழக்கமான உற்பத்தித் திறன் அளவில்தான் ஏற்றச் சொல்கிறது. அதனால் குறைவாக உற்பத்தி செய்த ஆண்டின் வீண் செலவைச் சரக்கில் ஏற்ற முடியாது. அதிகமாகச் செய்த ஆண்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஏற்றும் தொகையைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனாலும் ஆண்டுச் செலவின் ஒரு பகுதி கையிருப்போடு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும்.

மதிப்பிழந்த சரக்கைத் தள்ளுபடி செய்த ஆண்டில் சரக்கு நாட்கள் சட்டென்று குறையும். அது முன்னேற்றம் இல்லை. ஒதுக்கு கழிக்காத மொத்த இருப்பை எடுத்து வரிசையைப் போடுங்கள்.

#12 புதுப்பதிவு

ஒரு சந்தேகம். எல்லோரும் ஆண்டு முடிவு எண்களின் சராசரியைத்தானே எடுத்திருக்கிறீர்கள்? ஆண்டு முழுக்க அப்படித்தான் இருந்தது என்று எப்படி நம்புவது?

#13 அடக்கவிலை

நம்பக் கூடாது. ஆண்டு முடிவு என்பது எல்லோரும் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு நிற்கும் நாள். கடைசி வாரத்தில் வசூலை முடுக்குவார்கள், சப்ளையருக்கான காசோலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவார்கள், வர வேண்டிய சரக்கை வாசலுக்கு வெளியே நிறுத்துவார்கள். மாத எண்கள் இருந்தால் 13 மாத முடிவுகளின் சராசரி. காலாண்டு மட்டும் என்றால் 5 முடிவுகளின் சராசரி. காலாண்டுக்குத் தனியாகப் போடும்போது காலாண்டு அடக்கத்தை அந்தக் காலாண்டின் நாட்களோடு சேர்த்துப் பாருங்கள், 365ஆல் பெருக்கிவிடாதீர்கள். பருவ ஏற்ற இறக்கம் உள்ள தொழிலில் மூன்றாம் காலாண்டை முந்தைய ஆண்டின் மூன்றாம் காலாண்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

வசூல் நாட்களுக்குப் பின்னோக்கி எண்ணும் முறை இன்னும் கூர்மையானது. துலாக்கோல், கடைசி இரண்டு மாத விற்பனை இருக்கிறதா?

#14 துலாக்கோல்

ஆண்டு 4: கடைசி மாதம் (31 நாள்) 52, அதற்கு முந்தையது (30 நாள்) 48.
ஆண்டு 5: 62, 50.

#15 அடக்கவிலை

முடிவு நிலுவையிலிருந்து கடைசி மாத விற்பனையைக் கழி. மீதி இருந்தால் அதற்கு முந்தைய மாதத்தைக் கழி. முழுதாகக் கழியாத மாதத்தில் விகிதப்படி நாள் எடு.

ஆண்டு 4: 96 − 52 = 44. 44/48 × 30 = 27.5. மொத்தம் 58.5 நாள்.
ஆண்டு 5: 104 − 62 = 42. 42/50 × 30 = 25.2. மொத்தம் 56.2 நாள்.

சாதாரண முறையில், முடிவு நிலுவையை மட்டும் வைத்தால், 62.6, 65.4. ஏறுகிறது. பின்னோக்கி எண்ணினால் இறங்குகிறது. இரண்டும் எதிரெதிராகப் போவதற்கு ஒரே காரணம்: விற்பனை ஆண்டின் கடைசியில் குவிந்திருக்கிறது. மாதச் சராசரி 48.3 இருக்கும்போது கடைசி மாதம் 62. வசூல் துறை பாவம், அவர்களிடம் பிரச்சினை இல்லை. ஆண்டு இலக்கை எட்டக் கடைசி மாதத்தில் பில் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டின் முதல் இரண்டு மாதத்துத் திருப்பிவந்த சரக்கையும் கிரெடிட் நோட்டையும் பாருங்கள். அனுப்பிய சரக்கின் உரிமை எந்த இடத்தில் கைமாறுகிறது என்ற விற்பனை நிபந்தனையையும் கடைசி வாரப் பில்களோடு ஒத்துப் பாருங்கள்.

இந்த முறையின் குறை: நிலுவை எல்லாம் அண்மைப் பில்கள் என்று எடுத்துக்கொள்கிறது. 10 கோடி ஒரு வருடமாகத் தகராறில் கிடந்தாலும் தெரியாது. வயதுப்படி பிரித்த பட்டியல் இல்லாமல் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

விற்பனை வரியையும் மறக்கக் கூடாது. வரவேண்டிய பாக்கியில் வரி சேர்ந்திருக்கும், விற்பனையில் இருக்காது. வரி 20 சதவீதம் என்றால் உண்மையில் 60 நாள் என்பது 72 நாளாகக் காட்டும். வரி விகிதம் மாறாதவரை போக்கு கெடாது. உள்நாட்டு, ஏற்றுமதிப் பங்கு மாறினால் கெடும், ஏனென்றால் ஏற்றுமதியில் பொதுவாக வரி சேராது.

#16 நடப்புமூலதனம்

கொடுப்பு நாட்களுக்கும் இதே கவனம் வேண்டும். அடக்கத்தில் கூலியும் தேய்மானமும் உண்டு. அவற்றுக்கு சப்ளையர் பாக்கி கிடையாது. வெளியிலிருந்து வாங்கியதால் வகுக்க வேண்டும். மூலப்பொருள் கொள்முதல் = நுகர்வு + மூலப்பொருள் இருப்பின் ஏற்றம்: 235, 276, 270. வெளிவேலை, உதிரி, சரக்குக் கட்டணம் ஆகியவை எவ்வளவு?

#17 துலாக்கோல்

55, 58, 65.

#18 நடப்புமூலதனம்

அப்படியானால் மொத்தக் கொள்முதல் 290, 334, 335. சப்ளையர் ஃபைனான்ஸை முழுதாக நீக்கிய பாக்கியின் சராசரி 53, 62, 67. நாட்கள்: 66.7, 67.8, 73.0.

அடக்கத்தால் வகுத்தபோது 53.7, 54.7, 56.2 என்று இரண்டரை நாள்தான் நகர்ந்தது. உண்மையில் 6 நாளுக்கு மேல் நகர்ந்திருக்கிறது, அதுவும் ஆண்டு 5இல் மட்டும் 5 நாள். வெளியே தவணை 60 என்றீர்கள், கொடுப்பது 73இல். வரி இதில் கொஞ்சம் ஊதியிருக்கலாம், ஆனால் ஏற்றத்துக்கு வரி காரணமாகாது. திட்டத்தில் இல்லாத சிறிய சப்ளையர்களைத் தவணை தாண்டிக் காக்கவைக்கத் தொடங்கிவிட்டார்கள். இது அடுத்த ஆண்டு விலையேற்றமாகவோ, முன்பணம் கேட்பதாகவோ, தரம் குறைந்த சரக்காகவோ திரும்பிவரும். எனக்கு இந்தக் கணக்கு முழுவதிலும் அதிகக் கவலை தரும் எண் இந்த 73தான். மற்றவை எல்லாம் வங்கியோடு பேசித் தீர்க்கக்கூடியவை.

தரவேண்டிய பாக்கியில் இயந்திரம் வாங்கிய பாக்கி கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்டு முடிவில் ஒரு பெரிய லேத் வந்து இறங்கினால் கொடுப்பு நாட்கள் காரணமில்லாமல் எகிறும். மூலதனச் செலவுப் பாக்கியைக் குறிப்பிலிருந்து பிரித்துக் கழித்துவிட வேண்டும்.

#19 பேரேடு

நீண்ட வரிசை போடுபவர்களுக்காக, வரிசை எங்கெல்லாம் உடையும் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆண்டு நடுவில் இன்னொரு நிறுவனத்தை வாங்கினால், முடிவு பேலன்ஸ் ஷீட்டில் அதன் சரக்கும் பாக்கியும் முழுதாக வரும், விற்பனை சில மாதத்துக்கே வரும். எல்லா நாட்களும் ஊதும். முழு ஆண்டு விற்பனையை இணைத்துக் காட்டும் குறிப்பு இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் அந்த ஆண்டைப் புள்ளிக்கோடாக விட்டுவிடுங்கள்.

வருமானம் பதிவதற்கான சர்வதேசத் தரநிலை ஐஎஃப்ஆர்எஸ் 15 நடைமுறைக்கு வந்தது 2018 ஜனவரி 1. ஆர்டரின் பேரில் பெரிய இயந்திரம் செய்யும் நிறுவனங்களில், வேலை நடக்கநடக்க வருமானம் பதியும் ஒப்பந்தங்களுக்கு, முன்பு உற்பத்தியில் உள்ள சரக்காக இருந்தது ‘ஒப்பந்தச் சொத்து’ என்ற தனித் தலைப்புக்குப் போயிருக்கலாம். அதைச் சேர்க்காமல் 2017ஐயும் 2019ஐயும் ஒப்பிட்டால் சுழற்சி அற்புதமாகக் குறைந்ததுபோல் தெரியும். வாடிக்கையாளர் முன்பணத்தையும் இதே கையோடு கழிக்க வேண்டும். இப்படிப்பட்ட நிறுவனங்களின் சுழற்சியை முன்பணம்தான் தீர்மானிக்கிறது. ஆர்டர் வரத்து குறைந்தால் முதலில் வற்றுவதும் அதுதான்.

வெளிநாட்டுக் கிளைகள் இருந்தால் பேலன்ஸ் ஷீட் முடிவுநாள் மாற்று விகிதத்தில், விற்பனை ஆண்டுச் சராசரி விகிதத்தில். நாணயம் ஆண்டுக் கடைசியில் சரிந்தால் நாட்கள் பொய்யாக நகரும்.

அமெரிக்க நிறுவனத்தோடு ஒப்பிடுபவர்கள், அது கடைசியில் வந்தது முதலில் செல்லும் முறையைப் பின்பற்றுகிறதா என்று பாருங்கள். ஐஏஎஸ் 2 அந்த முறையை அனுமதிப்பதில்லை, அமெரிக்க முறை அனுமதிக்கிறது. இரு முறை மதிப்புகளுக்கும் இடையே குறிப்பில் காட்டியிருக்கும் வேறுபாட்டுத் தொகையை இருப்போடு கூட்டி, அந்தத் தொகையின் ஆண்டு மாற்றத்தை அடக்கத்தில் சரிசெய்த பிறகுதான் சரக்கு நாட்களை ஒப்பிட முடியும்.

#20 துலாக்கோல்

மிக்க நன்றி. நிறுவனத்திடம் இவற்றைக் கேட்கப் போகிறேன்: விற்ற பில்களின் மாத நிலுவை; சப்ளையர் ஃபைனான்ஸ் வரம்பு, அதை ரத்துசெய்யும் நிபந்தனை; பொருள்வாரி மறுஆர்டர் அளவும் கடைசியாகத் திருத்திய தேதியும்; 180 நாளாக அசையாத சரக்குப் பட்டியல்; அடுத்த ஆண்டின் முதல் இரண்டு மாதக் கிரெடிட் நோட்டுகள்; வயதுப்படி வரவேண்டிய, தரவேண்டிய பாக்கி. ஏதாவது விட்டுவிட்டேனா?

#21 கிடங்குக்கணக்கு

வயதுப் பட்டியலை பில் தேதியிலிருந்து எண்ணாமல், தவணை முடியும் தேதியிலிருந்து எண்ணித் தரச் சொல்லுங்கள். 120 நாள் தவணை கொடுத்த பில் 100ஆவது நாளில் பழைய பாக்கியாகத் தெரியக் கூடாது. 30 நாள் தவணை பில் 45ஆவது நாளில் புதியதாகத் தெரியவும் கூடாது.

180 நாள் அசையாத பட்டியலில் ‘அசைவு’ என்பதற்கு வரையறை கேளுங்கள். ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு மாற்றியதையும் சில மென்பொருள்கள் அசைவாகப் பதிகின்றன. கடைசியாக உற்பத்திக்கோ விற்பனைக்கோ வெளியேறிய தேதிதான் வேண்டும்.

#22 நடப்புமூலதனம்

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: மாதவாரி நிதிச் செலவு. விற்ற பில்களின் மாத நிலுவையோடும் சப்ளையர் ஃபைனான்ஸ் நிலுவையோடும் அதைப் பக்கத்தில் வைத்தால், அவர்கள் கொடுத்த பட்டியல் முழுமையானதா என்பது தெரியும். வங்கிக் கடன், விற்ற பில்கள், சப்ளையர் ஃபைனான்ஸ் மூன்றின் நிலுவையையும் மாத வட்டி விகிதத்தால் பெருக்கி, நிதிச் செலவோடு மாதம் ஐந்து லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், இன்னொரு வரம்பு எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பிறகு 106.6ஐயும் திருத்த வேண்டிவரும்.